வலைவழிச் சென்ற வணக்கம்

செய்நிரலாக்கம் பயிலும் மாணாக்கர் எழுதும் முதல் வலையமைப்பு நிரல் பெரும்பாலும் இரு கூறுடையது. செய்தி விடுப்பது பயனர் நிரல். அதனை ஏற்று விடையிறுப்பது சேவையக நிரல். செய்தியின் நீளத்தை முதலில் ஒரு பைற்றிற் கூறி, பின்னர்ச் செய்தியை விடுத்தல் நல்ல வழக்கம். இவ்வாறு பைதன் மொழியில் எழுதப்பட்ட நிரலொன்று, ‘ஹலோ’ என்பதை ஆங்கில எழுத்தில் விடுத்தபோது செம்மையாய் நடந்து, ‘வணக்கம்’ என்றதும் இடறுவதுண்டு. பிழைச்செய்தி சேவையகத்தில் தோன்றுதலால், மாணாக்கர் சேவையகத்தையே மாற்றி மாற்றி எழுதுவர். அது வீணுழைப்பு. இரண்டுக்குமிடையே சென்றது யாதெனக் காண்டல் வேண்டும்.

அதற்குரிய கருவி வயர்ஷார்க். 1998இல் ஈதரியல் என்னும் பெயரில் வெளிவந்து, 2006இல் இப்பெயர் பெற்றது, விலையின்றிக் கிடைப்பது. இரு நிரல்களும் ஒரே கணினியில் 127.0.0.1 என்னும் முகவரியில் ஓடுமாயின், பொதிகள் வலையமைப்பு அட்டையை அணுகா. ஆதலின் இடைமுகப் பட்டியலில் ‘லூப்பேக்’ என்பதைத் தெரிதல் வேண்டும். இதனை அறியாதார் வெற்றுத் திரையையே நோக்கியிருப்பர். நிரலின் துறையெண்ணைக் கொண்டு வடிகட்டினால் ஏனைய பொதிகள் மறையும். (பிறர் வலையமைப்பை அவர் இசைவின்றி நோக்குதல் தகாது.)

இனிக் காண்பது யாது? நீளம் 7 என்றிருக்கும். அதன்பின் 21 பைற்றுகள் வந்திருக்கும். இலக்கணப்படி வணக்கம் என்பது 5 எழுத்து. ஒருங்குறியோ புள்ளியைத் தனிக்குறியாகக் கொள்வதால் 7 குறி. யூ.ரி.எவ்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைற்று, ஆகவே 21. சேவையகம் சொல்லியபடி 7 பைற்றை எடுத்தது. வகரமும் ணகரமும் முழுமையாய்க் கிடைக்க, ககரத்தில் மூன்றிலொரு கூறே கைக்கு வந்தது. அதனைப் படிக்கவியலாது சேவையகம் முறையிட்டது. வழு பயனர் நிரலினது, சேவையகம் குற்றமற்றது. ஆங்கில எழுத்துக்கு ஒவ்வொரு பைற்றே ஆதலின் வழு அதுகாறும் மறைந்திருந்தது.

செய்தியைப் பைற்றுகளாக மாற்றிய பின்னரே நீளம் எண்ணுக. மீண்டும் நோக்கின் 21 என்று கூறி 21 செல்வதைக் காணலாம். ஆயினும் ரி.சி.பி. நெறி பைற்றுகளை வரிசை பிறழாது தருமேயன்றி, ஒரே தவணையில் தருமென்று உறுதி கூறாது. 21உம் சேருமளவும் சேவையகம் படித்துக்கொண்டிருத்தல் வேண்டும்.