செல்லை உறைய வைத்தல்: உப்பளத்தின் வழியே ஒரு பாடம்

சவ்வூடு பரவலைக் கற்பிக்கத் தூத்துக்குடி ஆசிரியர்கள் உருளைக்கிழங்கையும் உலர்திராட்சையையும் தேட வேண்டியதில்லை. உப்பளமும் கருவாடும் மாணவர் நன்கறிந்தவை. அதே பாடத்தைச் சற்று நீட்டினால், ஆய்வகத்தில் வளர்த்த பாலூட்டிச் செல்களை உறைய வைத்துப் பல ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு மீட்பது எப்படி என்பதையும் விளக்கிவிடலாம்.

உடலுக்கு வெளியே செல் வளருமா என்று மாணவர் கேட்பர். 1973இல் வேப்பலோடையில் முத்து வளர்ப்பில் வெற்றி கண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், பின்னாளில் தன் தூத்துக்குடி மையத்தில் முத்துச்சிப்பியின் மேன்டில் திசுவை மட்டும் எடுத்துக் கலத்தில் வளர்க்கும் ஆய்வுகளை நடத்தியது. பாலூட்டிச் செல்களைச் சேமித்து ஆய்வகங்களுக்கு வழங்கும் பணியைப் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம் செய்கிறது. செல்களை இடைவிடாது வளர்த்துக்கொண்டே இருந்தால் அவற்றின் பண்புகள் மெல்ல மாறும். கிருமித் தொற்றும் நேரும். ஆகவே நன்கு பெருகும் நிலையிலேயே ஒரு பங்கை உறைய வைத்துவிடுகிறார்கள்.

இப்போது வகுப்பில் ஒரு கேள்வியைப் போடுங்கள். ஏற்றுமதி ஆலையில் இறாலைச் சுமார் −40 டிகிரி செல்சியசில் வெகுவேகமாக உறைய வைக்கிறார்கள். ஆய்வகத்திலோ நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம்தான் குளிர்விக்கிறார்கள். ஏன் இந்த முரண்?

இறால் உயிர்பெற வேண்டியதில்லை; சதை குலையாமல் இருந்தால் போதும். வேகமாக உறைந்தால் பனிப்படிகங்கள் சிறியவையாக அமையும். செல்லோ மீண்டும் பிழைக்க வேண்டும். அதை வேகமாகக் குளிர்வித்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேற நேரமின்றி அங்கேயே பனியாகிச் செல்லைச் சிதைத்துவிடும்.

மெதுவாகக் குளிர்வித்தால் முதலில் வெளியிலுள்ள நீர் உறைகிறது. பனிப்படிகத்தில் உப்புக்கு இடமில்லை. எஞ்சிய நீரில் அது செறிகிறது. பாத்தியில் நீர் வற்ற வற்ற உப்புநீர் கெட்டியாவதைப் போன்றதுதான் இது. அங்கே நீரை வெயில் எடுக்கிறது, இங்கே பனி எடுக்கிறது. வெளியே செறிவு கூடியதும் செல்லின் நீர் சவ்வூடு பரவலால் வெளியேறுகிறது. உள்ளே பனி உண்டாக நீர் குறைவு. ஆனால் அளவுக்கு மீறி மெதுவாக்கினால் செல் நெடுநேரம் கடும் உப்பில் கிடந்து கருவாடாகிவிடும்! குளிரைவிடப் பனியும் உப்புமே செல்லைக் கொல்கின்றன என்பதை மாணவர் இங்கே பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரு ஆபத்துகளையும் குறைக்க ஒரு பாதுகாப்புப் பொருள் சேர்ப்பர். 1949இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் கிளிசரால் விந்தணுக்களைக் காப்பதை வெளியிட்டனர். 1959இல் லவ்லாக்கும் பிஷப்பும் டைமீத்தைல் சல்பாக்சைடை அறிமுகப்படுத்தினர். வளர்ப்புச் செல்களுக்கு இன்று பெரும்பாலும் இதையே 10 விழுக்காடு அளவில் சேர்க்கிறார்கள். குப்பிகள் ஓரிரவு −80 டிகிரியில் இருந்தபின் −196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜன் கலனுக்குப் போகும்.

மீட்கும்போது விதி தலைகீழ். 37 டிகிரி நீர்த்தொட்டியில் குப்பியை ஓரிரு நிமிடங்களுக்குள் உருக்க வேண்டும். மெதுவாக உருக்கினால் சிறு படிகங்கள் சேர்ந்து பெரும் படிகங்களாகும். ஒருமுறை இளகி மீண்டும் உறைந்த ஐஸ்கிரீம் நறநறப்பது இதனால்தான். சிறு பனித்துண்டு எஞ்சியிருக்கும்போதே குப்பியை எடுத்து, வளர்ப்பு ஊடகத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து நீர்க்கச் செய்வர். செல் வெப்பமடைந்துவிட்டால் காத்த பொருளே நஞ்சாகும்.

கிராமத்து மாணவருக்கு இது புதிதல்ல. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சியைத் திரவ நைட்ரஜன் கலனிலிருந்து எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைப்பதைப் பார்த்திருப்பார்கள். அதில் பிசகினால் மாடு அடுத்த பருவத்துக்கு வர ஏறத்தாழ 21 நாள் ஆகும். அத்தனை நாள் பால் வருமானமும் தள்ளிப்போகும்.

திரவ நைட்ரஜன் பள்ளிக்கு வேண்டாம். மூடிய அறையில் அது ஆவியானால் மூச்சுத் திணறும். குச்சி ஐஸ் ஒன்று போதும். உறிஞ்ச உறிஞ்சச் சாயமும் இனிப்பும் முதலில் வந்துவிட, வெறும் வெள்ளைப் பனி கையில் மிஞ்சும். இனிப்பு அந்தப் பனிக்குள் ஏன் இல்லை என்று கேட்டுவிட்டு, விடையை உப்பளத்தில் தேடச் சொல்லுங்கள்.