புலிமுகச் சிலந்தியும் சுவர்ச் சிலந்தியும்

தெமோதரையை அண்டிய தேயிலைத் தோட்டங்களின் லயன் காம்பராக்களிலே, மழை ஓய்ந்த இரவொன்றில், விளக்கொளி எட்டும் சுவரில் உள்ளங்கை அகலமுள்ள சிலந்தியொன்று அசையாது ஒட்டிக்கொண்டிருக்கக் கண்டால், புலிமுகச் சிலந்தி வந்துவிட்டதென்று வீடு முழுவதும் பதறுவதும், விளக்குமாற்றால் அது அடிபட்டு வீழ்ந்த பின்னரே பிள்ளைகள் உறங்க வைக்கப்படுவதும் வழக்கமாகிவிட்டன. அவ்வாறு மாண்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை புலிமுகச் சிலந்திகளே அல்ல.

தட்டையான உடலும், நண்டின் கால்களைப்போலப் பக்கவாட்டில் விரிந்த நெடுங்கால்களும் கொண்டு சுவரில் விரையும் அப்பிராணி, ஹெட்டரோபோடா என விஞ்ஞானிகள் அழைக்கும் வேட்டைச் சிலந்தி, அதாவது சுவர்ச் சிலந்தி. வலை பின்னாது, இரவெல்லாம் கரப்பான்பூச்சிகளைத் துரத்திப் பிடித்துண்ணும் இது நம் அடுக்களைக்குச் செய்யும் உபகாரம் பெரிது. இதன் பெண், வட்டத் தகடு போன்ற முட்டைப்பையை வயிற்றின் கீழ் அணைத்தபடியே திரிவதைப் பார்த்தவர்கள் அதனை அடிக்க மனம் கொள்ளார் என்றே நினைக்கிறேன்.

இச்சிலந்தியும் புலிமுகச் சிலந்தியும் எட்டுக் கால்களும் நூல் நூற்கும் உறுப்பும் நஞ்சும் உடைய ஒரே பெருங்குலத்தினவே. எட்டுக்கால் பூச்சி என்று நாம் சொன்னாலும், ஆறு கால்களையுடைய பூச்சியினம் வேறு, இவை வேறு. ஆயினும் அக்குலம் வெகு புராதன காலத்திலேயே இரு கிளைகளாகப் பிரிந்துவிட்டது. வேட்டைச் சிலந்தியும், தோட்டத்தில் வட்ட வலை கட்டும் சிலந்தியும் தம் நச்சுப் பற்களைக் குறட்டின் இரு அலகுகளைப்போல எதிரெதிராக மூடிக் கடிப்பன. புலிமுகச் சிலந்தியின் பற்களோ, இரண்டு குந்தாலிகள் ஒருங்கே ஓங்கி இறங்குவதுபோல, மேலிருந்து கீழ்நோக்கிப் பாய்வன. புத்தகத் தாள்களை அடுக்கிவைத்தாற் போன்ற சுவாசப்பைகள் முன்னதற்கு ஒரு சோடியும் பின்னதற்கு இரு சோடிகளும் உள்ளன. சுவர்ச் சிலந்தியின் ஆயுள் ஓரிரு வருடங்களில் முடிய, புலிமுகச் சிலந்தியின் பெண் பத்து வருடங்களுக்கு மேலும் தோலுரித்து வளர்ந்து வாழக்கூடியது.

உலகம் இவ்வினத்துக்கு வழங்கும் டரன்டுலா என்ற நாமமே ஒரு தவற்றிற் பிறந்தது. இத்தாலியின் டரன்டோ நகரத்துச் சிலந்தி கடித்தவர் ஓயாது நடனமாடினாலன்றிப் பிழையார் என அந்நாட்டார் நம்பினர்; அச்சிலந்தியோ ஓநாய்ச் சிலந்தி வகையது, நமது சுவர்ச் சிலந்தியின் கிளையையே சேர்ந்தது. பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டத்தின் பெரிய மயிர்ச் சிலந்திகளைக் கண்ட ஐரோப்பியர் அப்பெயரை அவற்றின்மேல் ஏற்றிவிட்டனர்.

கடித்தால் மரணம் நிச்சயம் என்பது அடுத்த நம்பிக்கை. நமது நாட்டுப் புலிமுகச் சிலந்தியின் கடி அற்பமானதன்று. கடும் வலியும் வீக்கமும், சிலவேளை நாட்கணக்கில் விட்டுவிட்டு வரும் தசைப்பிடிப்பும் உண்டாகும். ஆனால் அதனால் மனிதர் இறந்ததாக நிரூபணமான சம்பவம் எதுவும் இல்லை. கடிவாயைக் கீறாமலும், கயிற்றால் இறுக்காமலும், சவர்க்காரத்தால் கழுவி ஆஸ்பத்திரிக்குச் செல்வதே தகும். மயிரை எறிந்து கண்ணைக் குருடாக்கும் என்ற பேச்சும் உண்டு. அரிப்பூட்டும் மயிரை உதறுவன அமெரிக்கக் கண்டத்து இனங்களே, நம்முடையவற்றுக்கு அந்த ஆயுதம் இல்லை. உருவம் பெரிதானால் விஷமும் பெரிது என்பதும் பொருந்தாது. விரல் நகத்தளவே உடல்கொண்ட கறுப்பு விதவைச் சிலந்தி இவற்றினும் அபாயமானது.

உடம்பில் கொப்புளம் கண்டால் சிலந்தி மூத்திரம் பெய்ததென்பர். அது அநேகமாக அக்கியாகவோ, தோலின்மேல் நசுங்கிய சிறு வண்டொன்றின் சாற்றினால் வந்த புண்ணாகவோ இருக்கும். அக்கியை வைத்தியர் காலத்தே கண்டால் வேதனை குறையும். பழியைச் சிலந்திமேல் போட்டு நாட்களைக் கடத்துவதே எனக்கு மிகுந்த கவலை தருவது.

உண்மையான புலிமுகச் சிலந்தி மரப்பொந்துகளில் வாழ்வது. மனிதரைத் தேடி வருவதன்று. மலைநாட்டுக்குரிய பொயிசிலோதீரியா சப்பஸ்கா என்ற இனத்தைப் போக்கொக் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1895இல் வர்ணித்தார். அவரே 1899இல் வர்ணித்த நீலச் சிலந்தியொன்று ஆந்திரத்துக் குத்தியில், புகையிரத மரக்கிடங்கிலே அகப்பட்டது. அதன் வனமோ அங்கிருந்து சுமார் 100 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. மரத்தோடு அது ரெயிலேறி வந்தாற்போலவே, நம் வீட்டுக்கும் புலிமுகச் சிலந்தி விறகோடும் பழைய பலகையோடும் வருகின்றது. 2009இல் மாங்குளத்து ஊரார் கொணர்ந்து கொடுத்த ஓர் ஆண் சிலந்தியின் சடலமே, 2012இல் பொயிசிலோதீரியா ராஜேய் என்ற புதிய இனம் அறிவிக்கப்படக் காரணமாயிற்று. இப்பேரினத்துச் சிலந்திகளைப் பிடித்து அயல்நாடுகளில் விற்போரும் இருந்தமையால், 2019இல் இவற்றின் சர்வதேச வர்த்தகம் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தப்பட்டது.

ஆகவே கவ்வாத்து மிலாற்றையும் விறகுக் கட்டையும் உள்ளே எடுக்குமுன் வாசலிலே ஒருமுறை தட்டிப் பாருங்கள். சுவரில் உள்ளதை அகன்ற வாய்ப் போத்தலால் மூடி, அடியில் ஓர் அட்டையைச் செருகி, வேலிக்கு அப்பால் விட்டுவிடுங்கள்.