விறகடுக்கில் முட்டை, வெறும் பெட்டி

கேள்வி: என்னிடம் 14 சிறுவிடைப் பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. எல்லாம் ஆறு மாதக் கோழிகள், இப்போதுதான் முட்டைக்கு வருகின்றன. தச்சரிடம் சொல்லி நான்கு பெட்டிகள் செய்து, வெள்ளை பெயின்ட் அடித்து, வெளிச்சமாக இருக்கட்டும் என்று கொட்டகையின் கிழக்கு வாசல் பக்கம் வைத்தேன். இரண்டு கோழிகள் ராத்திரியில் அதில் படுத்து எச்சம் போடுகின்றன. முட்டையோ வைக்கோல் போரிலும் விறகடுக்கிலும் கிடக்கிறது. நேற்று விறகுக்கு அடியில் மட்டும் 11 முட்டைகள் தெரிந்தன. கோழியைப் பெட்டியில் முட்டையிடப் பழக்க முடியுமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முடியும். முதலில் பெட்டியைத் திருத்திவிட்டுக் கோழியிடம் வருவோம்.

அந்த விறகடுக்கை ஒரு தரம் கோழியின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். இருட்டு. மூன்று பக்கம் அடைப்பு. ஆள் நடமாட்டம் கிடையாது. அடியில் உதிர்ந்த பட்டையும் தூளும் மெத்தென்று கிடக்கும். முட்டையிடப் போகிற கோழி தேடுவது இவ்வளவுதான். நீங்கள் கொடுத்ததோ வெள்ளையடித்த, வெயில் விழுகிற வாசல். பிள்ளை பெறப் போகிறவளுக்கு நடுக்கூடத்தில் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது.

பெட்டிகளைக் கொட்டகையின் இருட்டான பக்கத்துக்கு மாற்றுங்கள். ஓரடி நீள அகலம், ஒன்றேகால் அடி உயரம் சிறுவிடைக்குத் தாராளம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வைத்து, ஏறி நிற்க முன்னால் ஒரு கட்டை அடியுங்கள். வாசலில் சாக்கைப் பாதி தொங்கவிடுங்கள். வாசலின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு சட்டம் வேண்டும். இல்லாவிட்டால் கோழி கிளறுகிற கிளறலில் வைக்கோலோடு முட்டையும் வெளியே உருளும். நான்கு பெட்டி 14 கோழிக்குப் போதும். எத்தனை வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் காத்து நிற்கும், சில நாள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியும் உட்காரும். அதைப் பார்த்துத் தச்சரை மறுபடி கூப்பிடாதீர்கள்.

ராத்திரிப் படுக்கைக்குக் காரணம் வேறு. பொழுது சாய்ந்தால் கோழி உயரமான இடத்தைத்தான் நாடும். உங்கள் கொட்டகையில் பெட்டியைவிட உயரமாக எதுவும் இல்லை போலிருக்கிறது. பெட்டிக்கு ஓரடியாவது மேலே, சற்றுத் தள்ளி, கம்பு கட்டுங்கள். சில நாளைக்குச் சாயங்காலம் பெட்டி வாசலை மூடி, விடியுமுன் திறந்துவிடுங்கள்.

அடுத்தது, முட்டை கண்ட இடத்தில் முட்டையிடுவது கோழியின் சுபாவம். நம் பாட்டிமார் அடியில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்தது அதனால்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு கூமுட்டையை அப்படி விட்டுவைத்தேன். சித்திரை வெயிலில் அது வெடித்தது. பிறகு அந்தப் பெட்டிப் பக்கம் கோழியும் போகவில்லை, நானும் போகவில்லை. மரத்தில் கடைந்த முட்டை உத்தமம். நல்ல முட்டையைத்தான் விடுவேன் என்றால் பென்சிலால் குறி போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

இனி கோழி. ஒரு முட்டை உருவாகி வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதனால் இன்று எட்டு மணிக்கு இட்ட கோழி நாளைக்குச் சற்றுப் பிந்தும். இப்படியே தள்ளிப்போய் ஒரு நாள் இடாமலும் இருக்கும். ஆனாலும் பெரும்பாலான முட்டைகள் முற்பகலிலேயே விழுந்துவிடும். ஆகவே பத்து நாளைக்குக் காலை 11 மணி வரை கொட்டகைக் கதவைத் திறக்காதீர்கள். தீனியும் தண்ணீரும் உள்ளேயே இருக்கட்டும். நடுவில் ஒரு நாள் பாவம் பார்த்துத் திறந்தால் நேரே விறகடுக்குக்குத்தான் ஓடும். கோழிக்கு இரண்டு சதுர அடி வீதம் 30 சதுர அடி இடமாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நெருக்கி அடைத்தால் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும்.

கொண்டை சிவந்து, முதுகைத் தொட்டால் இறக்கையைத் தளர்த்திக் குந்துகிற கோழிக்கு நாள் நெருங்கிவிட்டது. காலையில் கேறிக்கொண்டே மூலை மூலையாக நுழைந்து பார்க்கும். விரட்ட வேண்டாம். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிப் பெட்டியில் விட்டு, சாக்கை இறக்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வெளியே வந்தால் மறுபடி விடுங்கள். கொட்டகை மூலைகளில் செங்கல் அடுக்கி வைத்தால் அங்கே உட்கார இடமிராது. சேவலும் உதவும்: பெட்டி பிடித்துப்போனால் தானே உள்ளே போய்க் குந்தி, தணிந்த குரலில் பெட்டைகளைக் கூப்பிடும். இரண்டு மூன்று கோழிகள் பழகிவிட்டால் மற்றவை அவற்றைப் பார்த்தே வந்துவிடும்.

பழகிய கோழி திடீரென்று பெட்டியை வெறுத்தால், ராத்திரி டார்ச் அடித்துப் பலகை இடுக்குகளில் செல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வைக்கோலை எரித்துவிட்டுப் பெட்டியை வெயிலில் காயவையுங்கள். பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் சிறுவிடை அடைக்கு உட்காரும். அதை ராத்திரியில் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டால் பெட்டி மற்றவற்றுக்குக் கிடைக்கும்.

விறகடுக்கில் இருக்கும் 11 முட்டைகளையும் எடுத்துவிடுங்கள். எப்போது இட்டவை என்று தெரியாததால் அடைக்கு வைக்க வேண்டாம். தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றை உடைக்காமல் தூரத்தில் புதையுங்கள். எடுக்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள், கையை நுழைக்கும் முன் நீளமான கம்பால் விறகை நன்றாகத் தட்டுங்கள். முட்டையைத் தேடி நல்ல பாம்பும் வரும்.