குழாயின் மறுமுனையில் ஒரு படுக்கை

சிப்காட் தொழிற்சாலைகளில் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு மருத்துவமனைக்கு வருகிற மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் எங்கள் கடலூர்ப் பக்கம் உண்டு. முதுநகர்க்காரனான நானும் அப்படி வந்தவன்தான். பாய்லர், கம்ப்ரஸர், பம்பு, ஜெனரேட்டர் எல்லாம் அங்கேயே பழகியவை. ஆனால் தொழிற்சாலையில் ஷட்டவுன் கேட்டு வாங்கி வேலையை முடிக்கலாம். மருத்துவமனையில் நாம் மூடுகிற வால்வின் மறுமுனையில் யாரோ ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். புதிதாகச் சேரும் தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இயந்திர அறையிலேயே உட்காராதே, குழாய் போகிற வழியே நடந்து வார்டுக்குப் போ. எந்த வால்வு எந்தப் படுக்கைக்கு என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிய வேண்டும். மூடும் முன் வார்டு சிஸ்டரிடம் சொல்லி, நோட்டில் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும்.

ஆக்சிஜன் கணக்கை மனத்தில் போட்டுப் பழகுங்கள். பெரிய டி டைப் சிலிண்டரில் சுமார் 7 கன மீட்டர், அதாவது 7000 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 10 லிட்டர் போகும் ஒரு நோயாளிக்கு அது பதினொன்றரை மணி நேரம் வரும். அதே சிலிண்டரில் மூன்று பேர் இருந்தால் நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. ஆக்சிஜனில் அழுத்தமானி இறங்குவதைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்லிவிடலாம். நைட்ரஸ் ஆக்சைடில் அதை நம்பவே கூடாது. உள்ளே அது திரவமாக இருப்பதால், திரவம் தீரும்வரை முள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். பிறகு மளமளவென்று இறங்கிவிடும். எடை போட்டுப் பார்ப்பதுதான் சரி. இன்னொன்று: இறுகிய நட்டைக் கண்டதும் கிரீஸ் தடவுவது நம் கைப்பழக்கம். ஆக்சிஜன் இணைப்பில் அந்தக் கிரீஸ் தீப்பிடிக்கும். எண்ணெய்க் கையோடு மேனிபோல்டு அறைக்குள் யாரையும் நான் விடுவதில்லை.

நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம் ஆட்டோகிளேவ். 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நீராவி 121 டிகிரி தொடும். அந்தச் சூடுதான் கிருமியைக் கொல்கிறது. உள்ளே காற்று தங்கிவிட்டால் முள் 15-ஐக் காட்டும், சூடு மட்டும் அங்கே இருக்காது. அழுத்தமானியை மட்டும் பார்த்து ஒருநாளும் சரி என்று கையெழுத்துப் போடாதீர்கள். ஒருமுறை தியேட்டர் சிஸ்டர் கூப்பிட்டு, "சார், பேக் எல்லாம் ஈரமா வருது" என்றார். துணி ஈரமாக இருந்தால் வெளியிலிருக்கும் கிருமி அந்த ஈரத்தின் வழியே உள்ளே போய்விடும். அந்தப் பேக்கைப் பயன்படுத்தவே முடியாது. ஆட்டோகிளேவின் கதவு, கேஸ்கட், ஸ்டீம் டிராப் எல்லாம் நன்றாகவே இருந்தன. கோளாறு பாய்லரில் இருந்தது. எங்கள் கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு அதிகம். சாஃப்ட்னர் கடினத்தன்மையை எடுக்குமே தவிர, கரைந்த உப்பைக் குறைக்காது. புளோடவுன் போதாமல் பாய்லர் தண்ணீரில் உப்பு ஏறி, நுரைத்து, நீராவியோடு தண்ணீரும் சேர்ந்து குழாயில் வந்திருக்கிறது. புளோடவுனைக் கூட்டியதும் பேக் உலர்ந்து வந்தது. பாய்லர் கொட்டகைக்கும் அறுவை அரங்குக்கும் உள்ள உறவு எனக்கு அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது. சிஸ்டர்கள் சொல்லும் சின்னப் புகாரையும் அலட்சியம் செய்யாதீர்கள். கோளாறு முதலில் தெரிவது அவர்கள் கண்ணுக்குத்தான்.

உப்பு காற்றிலும் வரும். ஏ.சி.யின் வெளி யூனிட்டில் அலுமினியத் தகடுகள் உதிர்ந்துவிடும். நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள், வாங்கும்போதே பூச்சுள்ள காயிலாகக் கேளுங்கள்.

புயலுக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சில மணி நேரத்துக்கு என்று வாங்கிவைத்த ஜெனரேட்டர் இரவும் பகலும் ஓட வேண்டியிருந்தால் டீசல், ஆயில், ஃபில்டர், பெல்ட் எல்லாமே கையிருப்பில் இருக்க வேண்டும். கரண்ட் இல்லாத பங்க்கில் டீசல் பம்பும் ஓடாது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் சும்மா ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. லோடு கொடுத்து ஓட்டுங்கள். லோடு இல்லாமலே ஓடிப் பழகிய இன்ஜினில் எரியாத டீசல் புகைக்குழாயில் படிந்துவிடும். ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டரில் நான் முதலில் பார்ப்பது பேட்டரியைத்தான். மேடையின் உயரத்தையும் அளந்து பாருங்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த மாவட்டத்தில் ஜெனரேட்டரைத் தரைமட்டத்துக்குக் கீழே வைக்கச் சம்மதிக்கவே கூடாது. நிர்வாகம் இடமில்லை என்று சொன்னாலும் எழுத்தில் மறுப்பைக் கொடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். பேட்டரி, டீசல் தொட்டி, உபரி சிலிண்டர் மூன்றையும் செப்டம்பரிலேயே பார்த்து முடித்துவிடுங்கள்.