மனையும் விதியும்

உணவும் உடையும் போலவே உறையுளும் மக்களுக்கு இன்றியமையாதது. ஆயினும் உணவு பொருந்தாவிடின் மறுவேளை மாற்றிக்கொள்ளலாம். உடை பொருந்தாவிடின் வேறு உடுத்தலாம். வீடோ ஒருமுறை கட்டப்பட்டால் ஒரு தலைமுறைக்கு மேலும் நிற்கும். கட்டும்போது நேர்ந்த குறையை அதில் வாழ்வோர் அத்தனை ஆண்டுகளும் சுமத்தல் வேண்டும். ஆதலின் வீடு அமையும் முறைக்கு அரசு விதி வகுப்பது தக்கதேயாகும்.

குமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டோர் பலர். முன்னாளில் திருவிதாங்கூரின் தலைநகராய் விளங்கிய ஊர் அது. சரிந்த ஓட்டுக் கூரைகளும், சுவருக்கு வெளியே தாழ்ந்து நீண்ட இறவாரங்களும், வானம் பார்த்த முற்றங்களும், காற்றுப் புகும் மரச் சன்னல்களும் அங்கு உள்ளன. நாஞ்சில் நாட்டின் பழைய ஓட்டு வீடுகளிலும் இவற்றைச் சிறிய அளவில் காணலாம். இருபருவ மழையும் கடற்காற்றும் பெறும் இந்நிலத்தில் வெயிலினும் புழுக்கமே பெருந்தொல்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை எளிதில் உலராது. காற்று ஓடினால்தான் உலரும். இவ்வுண்மையை நம் முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

பின்னாளில் தட்டையான கான்கிரீட் கூரை எங்கும் பரவியது. அது உறுதியானது, மேலே மாடி எழுப்பவும் இடம் தருவது. ஆனால், பகலில் உண்ட வெப்பத்தை இரவில் அறைக்குள் உமிழ்வது. அவ்வெப்பத்தைத் தணிக்க மின்விசிறியும் குளிர்சாதனமும் சுழல்கின்றன, மின்செலவு பெருகுகிறது. கட்டுவோர் ஒருவராகவும், மின்கட்டணம் செலுத்துவோர் வேறொருவராகவும் இருப்பின், குறையைக் களையும் எண்ணம் கட்டுவோர்க்கு எழுதல் அரிது. விதி வேண்டப்படுவது இங்கேதான்.

இந்தியாவில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்வழிப் பெரிய வணிகக் கட்டடங்களுக்கான நெறித் தொகுப்பு 2007இல் வெளிவந்து, 2017இல் திருத்தம் பெற்றது. குடியிருப்புகளுக்கான தொகுப்பு 2018இல் வந்தது. சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது குடியிருப்புகளும் அதன் வரம்புக்குள் கொணரப்பட்டன.

எனினும் மைய அரசு வகுத்த நெறி தானே ஊருக்குள் நடவாது. நிலமும் உள்ளாட்சியும் அரசியலமைப்பின்படி மாநிலங்களுக்கு உரியவை. ஆதலின் மாநில அரசு அந்நெறியைத் தன் தட்பவெப்பத்திற்கு ஏற்பத் திருத்தி, அரசிதழில் வெளியிட்டு, கட்டட விதிகளோடு இணைத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளுக்கு வெவ்வேறாக இருந்த கட்டட விதிகள் 2019இல் ஒன்றாக்கப்பட்டன. இத்தகைய விதிகளுள் இடம்பெற்ற பின்னரே, வரைபடத்தை ஆராயும் அலுவலர் அந்நெறியை வற்புறுத்த இயலும்.

இடத்திற்கேற்ற விதி ஏன் வேண்டும்? நம் நாட்டைத் தட்பவெப்பத்தால் ஐந்து மண்டலங்களாக வகுத்துள்ளனர். வெப்பமும் வறட்சியும் மிக்க மண்டலத்தில், திறக்கக்கூடிய வாயில், சன்னல் ஆகியவற்றின் பரப்பு உள்தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கேனும் இருந்தால் போதும் என்கிறது 2018ஆம் ஆண்டுத் தொகுப்பு. வெப்பமும் ஈரமும் மிக்க நம் மண்டலத்திற்கோ ஆறில் ஒரு பங்கு வேண்டும். 600 சதுர அடி வீட்டிற்கு 100 சதுர அடித் திறப்பு என்பது இதன் பொருள். பழைய வீடுகள் கூறிய பாடமே இன்று கணக்காக வடிவெடுத்துள்ளது.

ஆனால், அத்தொகுப்பு 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளையே முதலில் கருதியது. சிற்றூர்களில் எழும் எளிய வீடுகள் பல அவ்வளவுக்கு உட்படா. அங்கே காவலாய் நிற்க வேண்டியது கட்டுவோரின் அறிவே. வெள்ளைச் சுண்ணம் பூசிய மாடித்தளம், சன்னலுக்கு மேல் நீண்ட நிழற்பலகை, எதிரெதிரே அமைந்த சன்னல்கள் ஆகியவை பெருஞ்செலவு உடையன அல்ல. நாளை வீடு கட்டப்போகும் இளைஞர் இவற்றை இன்றே அறிந்திருத்தல் நாட்டிற்கும் வீட்டிற்கும் நன்மை தரும்.

பயிற்சி

1. நாஞ்சில் நாட்டில் வெயிலினும் புழுக்கம் பெருந்தொல்லையாவது ஏன்?
2. மைய அரசின் நெறி ஓர் ஊரில் நடைமுறைக்கு வரும் படிகளை வரிசையாக எழுதுக.
3. உம் வீட்டின் தரைப் பரப்பையும் திறப்புகளின் பரப்பையும் அளந்து, ஆறில் ஒரு பங்கு உள்ளதா எனக் காண்க.