ஒரு மில்லிமீட்டர்னா எவ்வளவு தண்ணி? மழையை நாமே அளக்கலாம், ஆனா சரியா அளக்கணும்

இந்தக் கட்டுரையை ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். தப்பு பண்ணது நான்தான்.

மூணாவது வருஷம் படிக்கும்போது, ஒரு கார்த்திகை மாசம். காரைக்குடியில எங்க வீட்டு மொட்டைமாடியில சொந்தமா ஒரு மழைமானி வெச்சிருந்தேன். ஒரு பாட்டில், அதுக்கு மேல ஒரு ஃபனல், பக்கத்துல ஒட்டின ஒரு ஸ்கேல். அவ்வளவுதான். ராத்திரி முழுக்க மழை. காலையில ஸ்கேல்ல பார்த்தா 14 செ.மீ. உடனே சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன்: "காரைக்குடியில் 14 செ.மீ. மழை, மிக கனமழை!" தேவகோட்டைப் பக்கம் எங்க கிராமத்து வீடு கண்மாய்க்குக் கீழே, தாழ்வான இடத்துல இருக்கு. சித்தப்பா பயந்துபோய் அப்பத்தாவை வண்டியில உட்காரவெச்சு, கொட்டுற மழையில காரைக்குடிக்குக் கூட்டிட்டு வந்துட்டார்.

ஊருல ஒண்ணும் ஆகலை. கண்மாய் பாதிகூட நிரம்பலை. ஏன்னா அன்னைக்குப் பெய்ஞ்சது 14 இல்லை, வெறும் 4 செ.மீ.

எங்கே தப்பு நடந்துச்சு? ஃபனலோட வாய் 15 செ.மீ. விட்டம். பாட்டில் 8 செ.மீ. விட்டம். பெரிய வட்டத்துல விழுந்த மழையைச் சின்ன வட்டத்துக்குள்ள ஊத்தி உயரத்தை அளந்திருக்கேன். பரப்பு விட்டத்தோட வர்க்கத்தைப் பொறுத்து மாறும்னு ஒன்பதாம் வகுப்புலயே படிச்சாச்சு. 15-ஐ 8-ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா சுமார் 3.5. ஸ்கேல் காட்டின 14-ஐ 3.5-ஆல வகுத்தா 4. நாலு வரிக் கணக்கு. மூணு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச எனக்கு அந்த நேரத்துல தோணலை.

இதோட பலன் என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். முதல்ல பாடத்துக்குப் போவோம்.

மில்லிமீட்டர்னா என்ன?

மழைத்தண்ணி எங்கேயும் ஓடாம, மண்ணுக்குள்ள இறங்காம, ஆவியாகாம அப்படியே நின்னா எவ்வளவு உயரம் நிக்குமோ அதுதான் மழையளவு. ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை பெய்ஞ்சா அது சரியா 1 லிட்டர். இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வெச்சுக்கங்க, மத்த எல்லாக் கணக்கும் இதுலயே வந்துடும்.

நம்ம கிராமத்துல இதுக்கு முன்னாடியே ஒரு அளவு இருந்துச்சு. "ஒரு உழவு மழை"ன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஏர் ஓட்டுற அளவுக்கு மண்ணு நனைஞ்சா ஒரு உழவு. விவசாயத்துக்கு அது போதும். ஆனா கண்மாய்க்கு எவ்வளவு தண்ணி வரும்னு கணக்குப் போட மில்லிமீட்டர் வேணும்.

இந்திய வானிலை ஆய்வு மையம் ஒரு நாள் மழையைப் பிரிக்கிற விதம் இது:

- 15.6 முதல் 64.4 மி.மீ. வரை: மிதமான மழை
- 64.5 முதல் 115.5 மி.மீ. வரை: கனமழை
- 115.6 முதல் 204.4 மி.மீ. வரை: மிக கனமழை
- அதுக்கு மேல: அதி கனமழை

"ஒரு நாள்"ன்னா ராத்திரி 12-லிருந்து 12 இல்லை. காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. நியூஸ்ல 18-ஆம் தேதி மழையளவுன்னு வந்தா, அதுல பெரும்பகுதி 17-ஆம் தேதி பெய்ஞ்ச மழைதான்.

மார்கழி ஒண்ணாம் தேதி

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்த நாள். "ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை"ன்னுதான் நம்ம ஊருல சொல்லுவாங்க, மார்கழின்னா பனிதான். ஆனா அன்னைக்குக் குமரிக்கடல் பக்கம் இருந்த காற்றுச் சுழற்சி சீக்கிரம் நகராம, கடல் ஈரத்தைத் தொடர்ந்து தென் மாவட்டங்கள் மேல கொட்டுச்சு. 18-ஆம் தேதி காலை 8.30 மணிக்கு எடுத்த அளவுல காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டம் 62 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு முழு வருஷத்துல சராசரியா கிடைக்கிற மழையைவிட அதிகமா, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல பெய்ஞ்சிருக்கு. அதி கனமழைன்னு சொல்ற 20 செ.மீ. எல்லையைவிட நாலு மடங்குக்கும் மேல.

லிட்டர்ல பார்ப்போம். 1000 சதுர அடி மொட்டைமாடின்னா சுமார் 93 சதுர மீட்டர். 95 செ.மீ.ன்னா 950 மி.மீ. ரெண்டையும் பெருக்கினா 88,000 லிட்டருக்கு மேல. 12,000 லிட்டர் தண்ணி லாரி ஏழு. ஒரே ஒரு வீட்டுக் கூரையில, ஒரே நாள்ல! தாமிரபரணியில வெள்ளம், உடைஞ்ச குளங்கள், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நூத்துக்கணக்கான பயணிகளோட மாட்டின திருச்செந்தூர் - சென்னை ரயில், எல்லாத்துக்கும் பின்னாடி இந்தப் பெருக்கல்தான் இருக்கு.

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவுல பத்து கிலோமீட்டர்கூட இல்லை. வித்தியாசம் 26 செ.மீ. நம்ம பக்கத்து மாவட்டத்துலயும் இதே கதை. 2024 நவம்பர் 20 அன்னைக்கு ராமேஸ்வரத்துல 40 செ.மீ.க்கு மேல, அதே தீவோட இன்னொரு முனையில இருக்கிற பாம்பன்ல 28 செ.மீ. அதுலயும் பாம்பன்ல மூணே மணி நேரத்துல 19 செ.மீ. கொட்டியிருக்கு.

மழை ஊருக்கு ஊர் மாறும், சில சமயம் தெருவுக்குத் தெருவே மாறும். அதனாலதான் ஒரு தாலுகாவுக்கு ஒண்ணு ரெண்டு மழைமானி பத்தாது.

ரேடார் இருக்கே, அது போதாதா?

நானும் இதைத்தான் கேட்டேன். நமக்குக் கிட்ட இருக்கிற டாப்ளர் ரேடார் காரைக்கால்ல இருக்கு, நேர்கோட்டுல சுமார் 150 கி.மீ. ரேடார் கதிரை 0.5 டிகிரி சாய்வுல அனுப்பினா, சாய்வால 1.3 கி.மீ., பூமியோட வளைவால இன்னொரு 1.3 கி.மீ. உயரம் கூடிடும். அதாவது காரைக்குடிக்கு மேல சுமார் இரண்டரை கிலோமீட்டர் உயரத்துல இருக்கிற மழைத்துளியைத்தான் ரேடார் பார்க்குது. அதுக்குக் கீழே நடக்கிறது அதுக்குத் தெரியாது. மேலும் ரேடார் அளக்குறது திரும்பி வர்ற எதிரொலியை, தண்ணியை இல்லை. எதிரொலியை மில்லிமீட்டரா மாத்துறது ஒரு மதிப்பீடுதான். அது சரியான்னு சோதிக்க, தரையில மழைமானி வேணும்.

அமெரிக்காவுல இதை ஒரு வெள்ளம் கத்துக்கொடுத்துச்சு. 1997 ஜூலையில கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரத்துல, ஒரு பக்கம் சில மணி நேரத்துல ஓரடிக்கு மேல மழை, மத்த பக்கம் சாதாரண மழை. வெள்ளத்துல அஞ்சு பேர் இறந்தாங்க. மறு வருஷமே அங்கே பொதுமக்களை வெச்சு ஒரு மழை அளக்கும் அமைப்பு ஆரம்பிச்சாங்க. கோகோராஸ்னு பேர். மாணவர்கள், விவசாயிகள், ஓய்வு பெற்றவங்கன்னு யார் வேணா சேரலாம். ஆனா எல்லாரும் ஒரே மாதிரியான மழைமானிதான் வெச்சிருக்கணும்.

நம்ம மாநிலத்துலயும் ஆர்வலர்கள் உண்டு. "தமிழ்நாடு வெதர்மேன்" பிரதீப் ஜானை உங்கள்ல பாதிப் பேர் ஃபாலோ பண்ணுவீங்க. வானிலைத் துறை ஊழியரா இல்லாத அவரை, 2015 சென்னை வெள்ள நேரத்துல மக்கள் தேடிப் படிச்சாங்க.

கண்மாய்க் கணக்கு

நம்ம சிவகங்கை மாவட்டத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 900 மி.மீ. மழை. அதுல கிட்டத்தட்ட பாதி வடகிழக்குப் பருவமழை. அதைப் பிடிச்சு வைக்கத்தான் ஊரெல்லாம் கண்மாயும் ஊரணியும். செட்டிநாட்டு வீடுகள்ல ஓட்டுச் சரிவுலிருந்து முற்றத்துல விழுற தண்ணியை அண்டாவுல பிடிப்பாங்க. மிச்சம் வெளியே போய் ஊரணியைச் சேரும்.

ஒரு கண்மாய்க்கு 5 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பு இருக்குன்னு வெச்சுக்குவோம். 10 செ.மீ. மழை, அதுல பாதி ஓடி வருதுன்னா 2.5 லட்சம் கன மீட்டர் தண்ணி. இது 24 மணி நேரத்துல வந்தா நொடிக்குச் சுமார் 3 கன மீட்டர். கலுங்கு வழியா நிம்மதியா போயிடும். அதே தண்ணி 3 மணி நேரத்துல வந்தா நொடிக்கு 23 கன மீட்டர். எட்டு மடங்கு! கலுங்கு தாங்கலைன்னா தண்ணி கரை மேல ஏறும், கரை அரிக்கும், உடையும். நம்ம கண்மாய்கள் சங்கிலி மாதிரி, மேல் கண்மாய் மறுகால் கீழ்க் கண்மாய்க்குத்தான் வரும். மேல ஒண்ணு உடைஞ்சா கீழே இருக்கிறது அந்தத் தண்ணியையும் சேர்த்துத் தாங்கணும்.

அதனால மொத்த மழை மட்டும் போதாது, எவ்வளவு நேரத்துல பெய்ஞ்சதுன்னும் தெரியணும். மேல் ஊருல ஒருத்தர் மணிக்கு ஒரு தடவை அளந்து சொன்னா, கீழ் ஊருக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே விஷயம் தெரியும். அந்த ஒரு மணி நேரத்துல ஆடு மாட்டை அவுத்து மேட்டுக்குக் கொண்டுபோகலாம்.

நீங்க அளக்கிறதா இருந்தா

1. வாயும் அடியும் ஒரே விட்டம் உள்ள நேரான பாத்திரம் எடுங்க. ஃபனல் வெச்சா தண்ணியை மில்லிலிட்டர்ல அளந்து, ஃபனல் வாயோட பரப்பால வகுங்க. மில்லிலிட்டரைச் சதுர செ.மீ.ஆல வகுத்தா விடை செ.மீ.ல வரும்.

2. மொட்டைமாடி வேண்டாம். கைப்பிடிச் சுவர் பக்கம் காத்து சுழன்று மழையைத் தள்ளிடும். திறந்த தரையில, விளிம்பு சுமார் 30 செ.மீ. உயரத்துல இருக்கட்டும். பக்கத்துல மரமோ சுவரோ இருந்தா, அதோட உயரத்தைப் போல குறைஞ்சது ரெண்டு மடங்கு தள்ளி வைங்க.

3. தினமும் காலை 8.30. மழை இல்லைன்னா 0-ன்னு எழுதுங்க. வெறுமனே விட்டா மழை இல்லையா, நீங்க பார்க்கலையான்னு யாருக்கும் தெரியாது.

4. பாத்திரம் வழிஞ்சிருந்தா "வழிஞ்சுடுச்சு"ன்னு சொல்லுங்க. குத்துமதிப்பா எண் போடாதீங்க.

5. பகிரும்போது இடம், தேதி, எந்த நேரத்துலிருந்து எந்த நேரம் வரை, எப்படி அளந்தீங்க, நாலையும் எழுதுங்க.

6. அளந்ததை மட்டும் சொல்லுங்க. "இன்னைக்கு ராத்திரி கண்மாய் உடையும்"னு சொல்றது நம்ம வேலை இல்லை. எச்சரிக்கைக்குச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம், மாநில அரசோட டிஎன்-அலர்ட் செயலி. ஆபத்துன்னா மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

மிச்சக் கதை

என் 14 செ.மீ. கதைக்கு அப்புறம், அதே மாசக் கடைசியில இன்னொரு மழை. இந்தத் தடவை ஃபனல் கணக்கைச் சரியா போட்டேன். 11 செ.மீ. அதுல பெரும்பகுதி ராத்திரி நாலு மணி நேரத்துல. குரூப்ல போட்டேன். ஒரு அண்ணன் சிரிக்கிற எமோஜி போட்டார். "மூணால வகுத்துக்கங்க"ன்னு ஒரு மாமா. யாரும் நகரலை. விடியற்காலையில கலுங்குத் தண்ணி தொழுவத்துக்குள்ள வந்து, அப்பத்தாவோட ரெண்டு ஆட்டுக்குட்டி போச்சு.

அப்பத்தா என்னைத் திட்டலை. "முதல்ல நீ தப்பா சொல்லாம இருந்திருந்தா, ரெண்டாவது தடவை கேட்டிருப்பாங்கடா"ன்னு மட்டும் சொன்னுச்சு.

இப்போ அந்த ஊரு வீட்டு வாசல்லயே ஒரு மழைமானி இருக்கு. தினமும் 8.30-க்கு அப்பத்தா போன் பண்ணி அளவு சொல்லும், நான் நோட்டுல எழுதுவேன். பெரும்பாலான நாள் பூஜ்ஜியம்தான். அதையும் எழுதுறேன்.

உங்க ஊருலயும் ஒண்ணு வைங்க. செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. விட்டத்தை மட்டும் ரெண்டு தடவை அளந்துக்கங்க.