குடிவரவு மருத்துவப் பரிசோதனை: முதலில் கடவுச்சீட்டு

கனடாவில் குடியேற விண்ணப்பிப்போரை, அந்நாட்டு அரசு அங்கீகரித்த மருத்துவர்களே பரிசோதிக்க இயலும். அவ்வாறு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது கடவுச்சீட்டை.

இது வெறும் சம்பிரதாயம் அன்று. ஒருவரது மார்பு எக்ஸ்ரே மற்றொருவர் பெயரில் பதிவானால், காசநோய் உள்ளவர் சிகிச்சையின்றி விடப்படுவார். நோயற்றவரின் விசா தடைபடும். ஆகவே முகம், பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை ஒப்பிட்ட பின்னரே பரிசோதனையைத் தொடங்குகிறோம்.

கொண்டுவர வேண்டியவை:

• கடவுச்சீட்டின் அசல், குழந்தைகளுக்கும் தனித்தனியே
• குடிவரவுத் துறை அனுப்பிய பரிசோதனைக் கடிதம்
• மூக்குக்கண்ணாடி, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல்
• முந்தைய நோய்களுக்கான மருத்துவ அறிக்கைகள்

நம்மவர்க்குப் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. பழைய அறிக்கையில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டிலோ தந்தை அல்லது கணவரின் முழுப்பெயர் சேர்ந்திருக்கும். இரண்டும் ஒருவரே எனக் காட்டும் திருமணப் பதிவுச் சான்று போன்ற ஆவணத்தையும் உடன் கொண்டு வாருங்கள். காசநோய்க்குச் சிகிச்சை பெற்றதை மறைக்க வேண்டா. சிகிச்சையை முழுமையாக முடித்த சான்று உங்களுக்குத் துணைநிற்கும். அது உங்களுடையதே என்பது மட்டும் தெளிவாக வேண்டும்.

பரிசோதனை முடிவு 12 மாதங்கள் செல்லும். முடிவில் தரப்படும் அத்தாட்சித் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.